அறம் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை

(தில்லி முனிர்காவில், டிசம்பர் 16 நினைவு நாளையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2012 டிசம்பர் 16 இரவு, முனிர்கா பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவியும் அவருடைய நண்பரும் காத்திருந்தனர். சாகேத்தில் திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழி அது. 23 வயதான அந்த மாணவி பிசியோதெரபி படித்தவர். அவரைப் படிக்கவைப்பதற்காக உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்திலிருந்த நிலத்தை விற்ற தந்தை, தில்லி விமான நிலையத்தில் சுமை தூக்கி உழைத்துக்கொண்டிருந்தார். பொதுமக்களை ஏற்றிச்செல்ல உரிமை இல்லாத ஒரு தனியார் பேருந்து அங்கே வந்து நின்றது. அதற்குள் நடந்ததை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. மகிபால்பூர் அருகே இருவரும் சாலையோரத்தில் வீசி எறியப்பட்டனர். சப்தர்ஜங் மருத்துவமனையிலும் பின்னர் சிங்கப்பூரிலும் சிகிச்சை பெற்ற அந்த மாணவி, டிசம்பர் 29 அன்று உயிரிழந்தார்.

அந்த நாள்களில் நாட்டில் அறத்தின் பெயரால் இருவகைக் குரல்கள் எழுந்தன.

ஒரு குரல் மத பீடங்களிலிருந்து வந்தது. சாமியார் ஆசாராம், ஒரு கை தட்டி ஓசை எழாது, தவறு இரு பக்கமும் உண்டு என்றார். அந்தப் பெண் குருவிடம் தீட்சை பெற்று மந்திரம் ஜபித்திருக்க வேண்டும், தாக்கியவர்களை அண்ணா என்று அழைத்து மன்றாடியிருக்க வேண்டும் என்று உபதேசம் செய்தார். இத்தகைய குற்றங்கள் 'இந்தியா'வில்தான் நடக்கின்றன, 'பாரத'த்தில் நடப்பதில்லை என்று ஆர்எஸ்எஸ் தலைவர் மோகன் பாகவத் பேசினார்.

மற்றொரு குரல் வீதியிலிருந்து எழுந்தது. ஜேஎன்யு மாணவர்கள் சாலைக்கு வந்தனர். விஜய் சௌக்கிலும் இந்தியா கேட்டிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் டிசம்பர் குளிரில் தண்ணீர்ப் பீரங்கிகளையும் கண்ணீர்ப்புகையையும் எதிர்கொண்டனர். கோயிலுக்குச் செல்வோரும் மசூதிக்குச் செல்வோரும் எங்கும் செல்லாதோரும் அவர்களிடையே இருந்தனர். பெண்களைப் பூட்டிவைத்துத் தரும் பாதுகாப்பு தேவையில்லை, அச்சமற்ற விடுதலையே தேவை என்றனர் அவர்கள்.

இவற்றில் எது அறத்தின் குரல்? மதமும் கடவுள் அச்சமும் இல்லாவிட்டால் மனிதர் நெறிகெட்டுப் போவர் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அறிவியலை ஏற்பவர்களில் பலரும் கூட, உலகை அறிய அறிவியல், ஒழுக்கத்துக்கு மதம் என்று பாகம் பிரித்துக்கொள்கின்றனர். இந்தப் பாகப்பிரிவினை சரிதானா என்பதை முனிர்கா நிறுத்தத்திலிருந்தே பரிசீலிப்பது பொருத்தமானது.

கடவுள் அச்சம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

மந்திரம் ஜபித்தால் பெண் தப்பலாம் என்று உபதேசித்த ஆசாராம், அதே 2013ஆம் ஆண்டில் தன் ஆசிரமத்தின் மாணவியான ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் கைது செய்யப்பட்டார். 2018 ஏப்ரல் 25 அன்று ஜோத்பூர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் சிறுமி தீட்சை பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் அந்த ஆசிரமத்தின் பக்தர்கள். அவர்களுடைய நம்பிக்கைதான் மகளை அவரிடம் கொண்டு சேர்த்தது. தேரா சச்சா சௌதாவின் குர்மீத் ராம் ரஹீம் 2017 ஆகஸ்ட் 25 அன்று இதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டபோது, அவருக்காகப் பஞ்ச்குலாவில் வன்முறை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கத்தோலிக்கத் திருச்சபையில் குழந்தைகள் மீது பாதிரியார்கள் நடத்திய வன்கொடுமைகளும், அவற்றைத் திருச்சபையின் மேலிடங்கள் மூடிமறைத்த கதையும் 2002ஆம் ஆண்டிலிருந்து உலகறிந்த செய்தி. எந்த ஒரு மதத்துக்கும் உரிய தனி நோயென்று இதைச் சொல்லிவிட முடியாது.

இவை போலிகளின் தவறுகள், உண்மையான மதத்தின் குறையன்று எனச் சிலர் சொல்வர். தனிமனிதரின் போலித்தனம் ஒரு பகுதிதான். கீழ்ப்படிதலையே அறத்தின் அடித்தளமாக வைக்கும் அமைப்பில், கட்டளையிடும் இடத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்க யாருமில்லை. எளியவரைக் கட்டிப்போடும் கடவுள் அச்சம், வலியவரிடம் வரும்போது நெகிழ்ந்துவிடுகிறது; அவருக்குப் பரிகாரம் உண்டு, காணிக்கை உண்டு, பாவமன்னிப்பும் உண்டு.

2022 ஆகஸ்ட் 15 அன்று, பில்கிஸ் பானுவைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்து அவருடைய குடும்பத்தினரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த 11 பேரைக் குஜராத் அரசு விடுதலை செய்தது. அவர்கள் மாலையிட்டு வரவேற்கப்பட்டனர். பிராமணர்களான அவர்கள் நல்ல 'சன்ஸ்காரம்' உடையவர்கள் என்று ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சான்றளித்தார். பிறப்பால் வந்த உயர்வு, செய்த கொடுமையைக் கழுவிவிடும் என்பதே இதன் பொருள். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஒரு பெண்ணின் நெடிய போராட்டமும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற மதச்சார்பற்ற கோட்பாடுமே அங்கு அறத்தைக் காத்தன.

நெறிகளை மாற்றியது யார்?

அறநெறிகள் என்றென்றைக்குமாக அருளப்பட்டவை என்றால் அவை மாறியிருக்கக் கூடாது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற பத்துப் பதினொரு வயதுச் சிறுமி, வயதில் மிக மூத்த கணவன் வலிந்து உறவுகொண்டதால் இறந்தாள். மணமான பெண்ணின் உறவுச் சம்மத வயது அப்போது 10. அதை 12 ஆக உயர்த்தும் மசோதா வந்தபோது, மதத்தில் தலையீடு என்ற பெரும் எதிர்ப்பு எழுந்தது. திலகரைப் போன்ற தேசியத் தலைவரும் எதிர்ப்பாளர் வரிசையில் நின்றார். மறுபுறம், பெண் மருத்துவர்கள் தாங்கள் சிகிச்சை அளித்த சிறுமிகளின் காயங்களைப் பட்டியலிட்டு அரசுக்கு மனு அளித்தனர். சாத்திரம் ஒரு பக்கம், சிறுமியின் உடல் மறு பக்கம். 1891இல் சட்டம் நிறைவேறியது. அன்று 12 வயதுக்கே கொந்தளித்த சமூகம், இன்று 12 வயதுக் குழந்தையின் திருமணத்தைக் குற்றமெனக் காண்கிறது.

தமிழகத்திலும் இதுவே நடந்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சென்னை சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியபோது, கோயில் மரபு, தெய்வத் தொண்டு என்ற வாதங்களே அவருக்கு எதிராக வைக்கப்பட்டன. அந்த முறையின் கொடுமையை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பிரச்சாரம் செய்தார். கற்பை ஒரு பாலுக்கு மட்டும் விதிக்கும் ஒழுக்கத்தின் இரட்டை நாக்கைப் பெரியார் தோலுரித்தார். 1947இல் சட்டம் வந்தது. கருவறையிலிருந்து எந்த அசரீரியும் ஒலிக்கவில்லை. பாதிக்கப்பட்டோரும் அவர்களுக்குத் துணை நின்றோரும் போராடிப் பெற்ற நெறி அது.

சுதந்திர இந்தியாவிலும் போராட்டம் தொடர்ந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். உடலில் காயங்கள் இல்லை என்பதைக் காட்டி, இரு காவலர்களையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். பெண்கள் இயக்கங்கள் நாடெங்கும் வீதிக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. முனிர்காவுக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழுவோ, 2013 ஜனவரி 23 அன்று அளித்த அறிக்கையில், பாலியல் வன்கொடுமையைப் பெண்ணின் 'மானம்' பறிபோவதாகப் பார்ப்பதைக் கைவிட வேண்டும் என்றது. அது பெண்ணின் உடல்மீதும் சம உரிமைமீதும் நிகழும் தாக்குதல்; மானம் இழக்க வேண்டியவர் குற்றவாளியே.

'மானம்' என்ற சொல்லின் பின்னே எவ்வளவு குருதி இருக்கிறது என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரை மணந்த கௌசல்யாவும் வெட்டப்பட்டார். தங்கள் சாதியின் மானத்தைக் காக்கும் அறச்செயலாகவே கொலையை ஏவும் மனம் அதைக் கருதுகிறது. பெண்ணின் உடலைக் குடும்பத்தின், சாதியின் உடைமையாகக் கருதும் நெறிமுறை முனிர்காவுக்கும் உடுமலைக்கும் பொதுவானது.

அறிவியல் எதைத் தரும், எதைத் தராது?

அப்படியானால் மதத்தின் இடத்தில் அறிவியலை வைத்துவிட்டால் போதுமா? இந்தக் கேள்விக்கு முனிர்காவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 1970களின் நடுவில், கருவிலுள்ள குறைபாடுகளை அறிவதற்காக எய்ம்ஸ் மருத்துவமனையில் பனிக்குட நீர்ச் சோதனை மேற்கொள்ளப்பட்டது. அதில் கருவின் பாலினமும் தெரிந்தது. பெண் கரு என அறிந்தவர்கள் கருக்கலைப்புக் கோரினர். 1978இல் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையைப் பாலினம் அறியப் பயன்படுத்துவதற்குத் தடை வந்தது. தனியார் மருத்துவமனைகள் அதைச் சந்தைச் சரக்காக்கின. பின்னர் வந்த ஸ்கேன் கருவி வேலையை எளிதாக்கிற்று. 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 2001இல் 927 ஆகி, 2011இல் மேலும் சரிந்தது. தென் தில்லியின் படித்த, வசதி படைத்த குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற மத நம்பிக்கை, வரதட்சணை, மகனுக்கே செல்லும் சொத்து, சோதனையை விற்று ஈட்டும் லாபம் ஆகிய யாவும் சேர்ந்து அறிவியலின் கருவியைப் பெண்ணுக்கு எதிரான ஆயுதமாக்கின. கருவி குற்றவாளியன்று, அதைக் கையாளும் சமூக உறவுகளே அதன் திசையைத் தீர்மானிக்கின்றன.

இதைவிட நுட்பமான ஆபத்து, பழைய ஒழுக்கம் அறிவியலின் வெள்ளை அங்கியை அணிந்து வருவது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை இரு விரல்களால் பரிசோதித்து, 'உறவுக்குப் பழகியவர்' என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் சான்றளித்து வந்தனர். இதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. பழங்காலக் கற்புக் கோட்பாடே மருத்துவ அறிக்கையின் மொழியில் நீதிமன்றம் ஏறியது. வர்மா குழு இதை நிராகரித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இதை விலக்கியது. ஆயினும் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இச்சோதனையை நடத்துவோர் முறைகேடு புரிந்தவராகக் கருதப்படுவர் என்று மீண்டும் எச்சரிக்க வேண்டியிருந்தது.

அறிவியல் அறத்தைத் தட்டில் வைத்துத் தருவதில்லை. அது செய்வது வேறு. குறைந்த மதிப்புடையதும் அன்று. காரணங்களைக் கண்டறிகிறது, பொய்ச் சாக்குகளை அகற்றுகிறது. விதி, முற்பிறவிப் பாவம், கிரக தோஷம், பெண்ணின் உடை, இரவு நேரம் ஆகிய ஒவ்வொன்றும் அதன் உரைகல்லில் மாற்றுக் குறைந்து போகிறது. அறவுணர்வின் தோற்றத்தையும் அது விளக்கத் தொடங்கியுள்ளது. 1871இல் வெளிவந்த 'மனிதனின் வழித்தோன்றல்' நூலில், கூடிவாழும் உயிரினங்களின் சமூக உணர்ச்சிகளிலிருந்தே அறவுணர்வு வளர்ந்தது என்று டார்வின் வாதிட்டார். கூட்டு உழைப்பும் குழந்தை வளர்ப்பும் ஒருவரையொருவர் சார்ந்த வாழ்வும் மனிதருக்கு இரக்கத்தையும் நியாய உணர்வையும் கற்பித்தன. சமூகம் வர்க்கங்களாகப் பிளவுபட்ட பின், உடைமையாளரின் நலனும் அறம் என்ற பெயரில் அரங்கேறியது.

இத்தகைய கேள்விகளை மாணவர்கள் கேட்டுவிடக் கூடாது என்பதில் ஆள்வோர் கவனமாக இருக்கின்றனர். முனிர்காவுக்கு அருகேயுள்ள என்சிஇஆர்டி, பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமக் கோட்பாட்டை நீக்கியது. 2023 ஏப்ரலில் 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதைக் கண்டித்துக் கையெழுத்திட்டனர். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோர் அவரைத் தொடர்ந்தனர்.

நம்பிக்கையாளர் எதிரியல்லர்

மத நம்பிக்கையுள்ள உழைக்கும் மக்களை இகழ்வதற்கு இவற்றில் எதுவும் அனுமதி தருவதில்லை. ஒடுக்கப்பட்டோரின் துயரமே மதத்தில் பெருமூச்சாக வெளிப்படுகிறது என்று மார்க்ஸ் கண்டார். மருத்துவமனை இல்லாத ஊரில் தாய் தன் குழந்தைக்காகக் கோயிலில் நேர்ந்துகொள்கிறாள். அவளிடம் முதலில் பேச வேண்டியது மருத்துவமனையைப் பற்றி, கடவுளைப் பற்றியன்று.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களின் நிலத்துக்காகவும், சிறையில் வாடிய அவர்களின் இளைஞர்களுக்காகவும் வாழ்நாளைச் செலவிட்டார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைது செய்யப்பட்டு, நடுக்குவாத நோயுடன், குவளையைப் பிடிக்க முடியாத கைகளுடன், நீர் பருக உறிஞ்சுகுழல் கேட்டுச் சிறையிலிருந்து விண்ணப்பிக்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டார். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். அவர் கடவுளை நம்பியவர். பகத்சிங் நம்பாதவர். மறுமையில் எந்தப் பரிசையும் எதிர்பாராமல், 23 வயதில் தூக்குமேடை ஏறியவர். தான் ஏன் நாத்திகன் என்று சிறையில் அவர் எழுதிய கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்ததற்காகத் தோழர் ஜீவா சிறை சென்றார்.

சொர்க்கத்தை நம்பிய முதியவரும் நம்பாத இளைஞரும் அநீதியின் முன் ஒரே பக்கத்தில் நின்றனர். அவர்களை இணைத்தது வேதநூல் என்று சொல்ல முடியாது. மனிதர்மீது கொண்ட பொறுப்பே இணைத்தது. அதே வேதநூலை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றவர்களும் உண்டு. எனவேதான், நம்பிக்கை ஒவ்வொருவரின் சொந்த விஷயமாக இருக்க, பொது வாழ்வின் அறம் அனைவரும் ஆராயக்கூடிய, கேள்வி கேட்கக்கூடிய அடிப்படையில் அமைய வேண்டும். மதச்சார்பின்மையின் சாரம் இதுவே. எல்லா மதங்களின் பழமைவாதிகளையும் மாறி மாறித் திருப்திப்படுத்துவது மதச்சார்பின்மை ஆகாது. 1986இல் ஷா பானு என்ற முதியவளின் ஜீவனாம்ச உரிமையைச் சட்டம் போட்டுச் சுருக்கிய அரசின் காலத்தில்தான் பாபர் மசூதியின் பூட்டும் திறக்கப்பட்டது. ஒரு மதவாதத்துக்கு அளிக்கும் சலுகை இன்னொன்றுக்குத் தீனியாகிறது. இரண்டுக்கும் பெண்களே முதற்பலி. அரசியல் சட்ட அறம் மக்களிடம் இயல்பாக இருப்பதன்று, அது வளர்க்கப்பட வேண்டும் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இன்றும் பொருந்துகிறது.

காரணத்தைத் தேடும் அறம்

முனிர்கா வழக்கில் நால்வர் 2020 மார்ச் 20 அன்று தூக்கிலிடப்பட்டனர். நீதி முடிந்துவிட்டது என்று ஆட்சியாளர்கள் கூறினர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் மட்டும் 31,516. நாளொன்றுக்கு ஏறத்தாழ 86. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு பெண் மருத்துவர், தான் பணியாற்றிய மருத்துவமனையிலேயே பலியானார்.

கொடியவரைத் தூக்கிலிட்டால் கொடுமை ஒழியும் என்பதும் ஒருவகை நம்பிக்கைதான். தீயசக்தியை விரட்டும் சடங்கின் சாயல் அதில் உண்டு. காரணத்தை ஆராய்வது குற்றத்தை மன்னிப்பதாகாது. இரவு ஒன்பது மணிக்கு அந்த நிறுத்தத்துக்கு ஏன் போதிய அரசுப் பேருந்துகள் வரவில்லை? சட்டவிரோதப் பேருந்து எப்படிச் சோதனைகளைக் கடந்து ஓடியது? ஆண்பிள்ளைக்குப் பெண்ணைச் சமமாக மதிக்கக் கற்பிக்காத வீடும் பள்ளியும் எதைக் கற்பித்தன? பெண்ணுடலைச் சரக்காக்கும் சந்தைக்கும், அவளைத் தெய்வமாக்கிப் பூட்டிவைக்கும் மரபுக்கும் என்ன உறவு? கணவன் செய்யும் வன்கொடுமையையும் குற்றமாக்க வேண்டுமென்ற வர்மா குழுவின் பரிந்துரையை அரசு ஏன் ஏற்கவில்லை? 2023இல் இயற்றிய புதிய குற்றவியல் சட்டமும் கணவனுக்கு அந்த விலக்கைத் தொடர்ந்து அளிக்கிறது. குடும்பத்தின் புனிதம் கெடும் என்பதே சொல்லப்படும் காரணம். 1891இல் ஒலித்த அதே குரல்தான் இது.

ஆகவே கடமைகள் தெளிவானவை. பரிணாமமும் பாலினச் சமத்துவமும் பள்ளிப் பாடமாக வேண்டும் எனப் போராட வேண்டும். மகாராஷ்டிரத்தில் தபோல்கரின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது போன்ற மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் வேண்டும். ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும். மணவாழ்வுக்குள் நடக்கும் வன்கொடுமைக்கு அளிக்கப்படும் விலக்கு நீக்கப்பட வேண்டும். நள்ளிரவிலும் பெண்கள் அஞ்சாமல் ஏறக்கூடிய பொதுப் போக்குவரத்து வேண்டும். இவற்றுக்கான இயக்கத்தில் நம்பிக்கையாளரும் நாத்திகரும் தோளோடு தோள் நிற்க முடியும், 2012இல் நின்றனர்.

இந்தக் கூட்டம் முடிந்து பலரும் அந்த நிறுத்தத்துக்கே செல்லப்போகிறீர்கள். அங்கே இன்றிரவும் வேலை முடிந்து திரும்பும் செவிலியர், வீட்டுவேலைத் தொழிலாளர், மணிப்பூரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து படிக்கும் மாணவிகள் காத்து நிற்பர். அவர்கள் எந்தக் கடவுளை வணங்குகிறார்கள் என்று கேட்காமல், அவர்கள் அச்சமின்றி வீடு சேர வேண்டும் என்று கருதும் பொறுப்பிலிருந்தே மதச்சார்பற்ற அறம் தொடங்குகிறது. அந்தப் பொறுப்பை அமைப்பாகத் திரட்டுவோம்.